அடி போய்ச் சேரும் இடம்

கூட்ஸ் வண்டி கிளம்புகிற சத்தத்தை நின்று கேட்டிருக்கிறீர்களா? இன்ஜின் ஒரு இழு இழுக்கும். முதல் பெட்டியில் ஒரு டங். அது அடுத்ததை வெடுக்கென்று இழுக்க, அங்கே ஒரு டங். பிறகு கொக்கிக்குக் கொக்கி தாவி, தண்டவாளத்தின் வளைவெல்லாம் சுற்றி, கண்ணுக்கு எட்டாத ஏதோ ஒரு கடைசிப் பெட்டியில் போய் விழும். அதற்குள் இன்ஜின் தன்பாட்டுக்கு நகர்ந்து போயிருக்கும். தான் என்ன செய்தோம் என்று அதற்குத் தெரியவே தெரியாது.

இப்போது நான் இருக்கும் ஊரில் ஒரு ரயில்வே கேட் உண்டு. போன வாரம் ஒரு சாயங்காலம் அதில் மாட்டிக்கொண்டேன். முன்னால் மோட்டார் சைக்கிள்கள், பின்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், நடுவில் நான். அந்தச் சத்தம் கிளம்பியது. என்னை அறியாமல் கேட்டின் இரும்புக் குழாயில் உள்ளங்கையை வைத்தேன். குழாய்க்குள் அது வந்தது. மணிக்கட்டு வரை ஏறி, நின்றது.

ராயபுரம் ஸ்டேஷனில் இப்படித்தான் அவர் நிற்பார். கூரையைத் தாங்கும் இரும்புத் தூணில் ஒரு கை. பிளாட்பாரத்தில் எல்லோரும் இன்ஜின் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முகம் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, கூட்ஸின் வால் எங்கே முடிகிறதென்று தேடும்.

"கடைசிப் பெட்டியில என்ன ஏத்தியிருக்காங்களோ," என்பார். "கண்ணாடியா இருந்தா பாவம்."

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் ஓர் அடிதான். எங்கோ யாரையோ போய்ச் சேரும். ஷெட்டில் அவரை ராக்கெட் மேடம் என்றார்கள். எனக்கு அக்கா.

ஷெட் இருந்தது திருவொற்றியூரில். ஒரு காலத்தில் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை அடித்த இடம். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த முதலாளிக்கு எப்படியோ செயற்கைக்கோள் வேலை ஒன்று கிடைத்தது. பழைய சம்மட்டிகளை ஓரம் தள்ளிவிட்டு, மினுமினுக்கும் அலுமினியப் பலகைகளை உள்ளே கொண்டுவந்தார்கள். கூடவே அக்காவும் வந்தார். நான் அங்கே ரிப்போர்ட் டைப் அடிப்பவள். அவர் சொல்லச் சொல்ல அடித்ததில் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

செயற்கைக்கோளை ராக்கெட்டோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை, மேலே போனதும் சின்னதாக ஒரு வெடி வைத்து அறுத்துவிடுவார்கள். அறுந்த கணத்தில் ஓர் அடி கிளம்பும். போல்ட்டுகள் மாட்டியிருந்த வளையத்திலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து பட்டைக்கு, பட்டையிலிருந்து பெட்டிக்கு, பெட்டிக்குள் இருக்கும் கடுகு போன்ற சாமான்களுக்கு. எந்த வழியாகப் போகும், எங்கே எவ்வளவு போய்ச் சேரும், எது அதைத் தாங்காது என்று பூமியில் உட்கார்ந்துகொண்டு முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதுதான் அவருக்குச் சம்பளம் கொடுத்த வேலை.

"கம்ப்யூட்டர் சொல்லாதா அக்கா?"

"பெரிய ஆட்டத்தைச் சொல்லும். இந்த மாதிரி ஊசி மாதிரி ஓடுற அடிக்கு அதுக்குக் கண்ணு பத்தாது. பழைய டெஸ்ட்ல எந்த ஜாயிண்ட் எவ்வளவு தின்னுச்சுன்னு பாத்துப் பாத்து, மிச்சத்தை ஊகிக்கணும். ஜோசியம் மாதிரிதான். பலிக்கலைன்னா பரிகாரம் கிடையாது."

பெருசு தாங்கிடும், சின்னதைப் பாருங்க. இதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. வெடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் கனத்த வளையத்துக்கு ஒன்றும் ஆகாது. எங்கோ தள்ளி, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று உட்கார்ந்திருக்கும் மயிரிழைக் கம்பிதான் முறியும்.

ஒரு நாள் மேனேஜர் கேட்டருகே வாட்ச்மேனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். லாரியை ரிஜிஸ்டரில் எழுதாமல் உள்ளே விட்டுவிட்டாராம். நாங்கள் எல்லோரும் ஜன்னலில் தொற்றிக்கொண்டு வாட்ச்மேனையே பார்த்தோம். அவர் தலையைச் சொறிந்து, பல்லைக் காட்டி, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பினால் அக்காவைக் காணோம். கேன்டீன் பின்கட்டில், பாத்திரம் தேய்க்கும் முனியம்மாவின் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முனியம்மா வாட்ச்மேனின் சம்சாரம். குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, தேய்த்த தட்டையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் தேய்த்ததை அக்கா வாங்கி அலம்பி வைத்துக்கொண்டிருந்தார்.

இத்தனை சுவர் தாண்டி அது அங்கே போகும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? எனக்கு ஏன் தெரியவில்லை?

அவர் குடியிருந்த அறை ராயபுரத்தில், கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டி இருந்தது. லாரி பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் வீடு ஒரு தரம் சிலிர்க்கும். அலமாரியில் டபராக்கள் கிணுகிணுக்கும். அவரிடம் ஒரே ஒரு பீங்கான் கோப்பை இருந்தது. அதை அலமாரியில் வைத்து, பிறகு ஜன்னல் விளிம்பில் வைத்து, பிறகு டிரங்குப் பெட்டிமேல் வைத்து, ஒவ்வொரு லாரிக்கும் காது கொடுத்து, கடைசியில் அறையின் ஒரு மூலையில் தரையிலேயே ஓர் இடம் கண்டுபிடித்திருந்தார். எந்த லாரி போனாலும் அங்கே அது பேசாமல் இருக்கும். நான் போனால் டீயை அதில் எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர் டம்ளரில் குடிப்பார். இரண்டாவது கோப்பை வாங்கலாமே என்றேன்.

"அதுக்கு இங்க இடமில்லை," என்றார். அறையில் பாதி காலியாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நிற்பார். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணைச் சுழற்றி, கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு, வாயே திறக்காமல் வைத்துவிடுவார். ஒரு தரம் நானும் கூட இருந்தேன்.

"யாரு அக்கா எடுத்தாங்க?"

"அம்மா."

"பேசவே இல்லையே நீங்க?"

"நான் பேசினா அந்த வீட்டுல என்னென்ன ஆடும்னு எனக்குத் தெரியும்."

சேலம் பக்கம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஏதோ ஒரு கல்யாணம் நின்றுபோனதாக ஷெட்டில் பேச்சு. அவருடையதா, தங்கையுடையதா, அதுவும் யாருக்கும் சரியாகத் தெரியாது. நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார். "என்கிட்ட வர்ற வழியில ஜாயிண்ட் நெறைய. வந்து சேர்றதுக்குள்ள ஒண்ணும் மிச்சம் இருக்காது" என்று ஒரு முறை சொன்னார், வேறு எதற்கோ. நான் அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு வாய்த்த ஒரே ஜோடி காதர் பாய்தான். ஷெட்டின் ஃபிட்டர். தண்டையார்பேட்டைக்காரர். இளவயதில் கப்பல்களின் உடம்பில் துரு தட்டித் தட்டி இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காது ஏதோ மரியாதைக்கு வேலை செய்தது. அக்கா தூணிலோ சுவரிலோ கை வைத்து நின்றால் அவருக்குக் கொண்டாட்டம்.

"இன்னா மேடம், செவுத்தாண்ட நின்னுகினு நாடி பாக்குறீங்க? ஜொரம் கீதா அதுக்கு?"

"உங்க லேத்துக்குத்தான் ஜுரம் பாய். இங்க தெரியுது."

"இன்னா?"

"லேத்து! பேரிங் போச்சு!"

"அத்தச் சொல்லுங்கோ."

சம்மட்டி ஏந்திய பாயின் கையில் ஒரு பூப்போன்ற பதம் இருந்தது. போல்ட்டை முறுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் ஒரு தடவை, "நிறுத்து, நிறுத்து" என்று கத்தியது காதில் விழாமல், கிரேன் கொக்கியை இறக்கி ஒரு பலகையை நசுக்கிவிட்டார். அன்றைக்கு மேனேஜர் எல்லோர் முன்பும் சொன்னார்: "இன்னும் ஒரு தடவை பாய் கை பட்டு ஏதாவது கெட்டுது, அன்னைக்கே வீட்டுக்குத்தான்."

பாய் சிரித்தபடி என் மேஜைக்கு வந்தார். "வூட்டுக்குப் போன்றாரு. வூட்ல பொண்டாட்டி வெளிய போன்றா. இந்தக் காத வெச்சிகினு நான் எங்கம்மா போவேன்? எவன் சேத்துப்பான்?" சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது. கை மட்டும் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தது.

பக்கத்து மேஜையிலிருந்து அக்கா பார்த்தது அந்தக் கையைத்தான்.

பெங்களூரிலிருந்து இரண்டு அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அக்கா கணித்துக் கொடுத்த இடத்தில் ஒரு ரிலேயைப் பொருத்தி, அடித்துப் பார்க்க வேண்டும். ரிலே என்றால் மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு குட்டி சுவிட்ச். கட்டைவிரல் நகம் அளவு. அடி மிஞ்சிப் போனால் உள்ளே இருக்கும் நாக்கு தானாகத் திறந்துகொள்ளும். மேலே அது நடந்தால் கதை முடிந்தது. அடி கிளம்பும் இடத்துக்கும் ரிலேவுக்கும் நடுவே மூன்று ஜாயிண்ட்டுகள் இருக்கும்படி அக்கா இடம் பார்த்திருந்தார்.

"மூணு போதுமா மேடம்?" என்று பாய் கேட்டார். அவருக்கு இதில் தன் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி ஒரு கவலை.

"ஒவ்வொரு ஜாயிண்ட்டும் தன் பங்கைத் தின்னுட்டுத்தான் அடுத்ததுக்கு விடும் பாய்."

"அப்போ தாசில்தார் ஆபீஸ் கணக்காதான்."

அக்கா சத்தமாகச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அவர் சிரிப்பு நின்ற பிறகும் பாய் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எதையோ யோசிக்கிறார் என்று தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை.

முந்தின நாள் மாலை, போல்ட்டுகள் எல்லாவற்றையும் அளவாக முறுக்கி முடித்தார்கள். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பலகை வரை சிவப்புப் பெயிண்டில் அக்கா ஒரு கோடு இழுத்தார். அதன்பின் யாராவது போல்ட்டை இம்மி திருப்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். கோடு இழுத்ததில் கை வைப்பவர் அந்த வேலையிலேயே இருக்கக் கூடாது. அது பெங்களூர்க்காரர்களின் சட்டம்.

மறுநாள் காலை பலகைக் கூட்டைக் கயிறுகளில் தொங்கவிட்டிருந்தார்கள், தூளி மாதிரி. எங்கள் ஷெட்டில் வெடி வைக்க அனுமதி இல்லை; அதற்குப் பதிலாக ஊசல்போல ஆடிவந்து அடிக்கும் ஓர் எஃகுச் சுத்தி. ரிலேயின் வழியாக ஒரு சின்ன சிவப்பு விளக்கை எரியவிட்டிருந்தார்கள். விளக்கு சிமிட்டாமல் எரிந்தால் ஷெட்டுக்கு அடுத்த வேலையும் உண்டு. அணைந்தால், அக்காவின் கணிப்பு பொய்.

பாய் தலைக்கு எண்ணெய் வைத்து, துவைத்த காக்கிச் சட்டையில் வந்திருந்தார். அக்காவைக் கடந்து போகும்போது குனிந்து சொன்னார்: "கவலையே படாதீங்கோ. இன்னிக்கி அடி பாதி வழியிலியே செத்துப் பூடும்."

அக்கா அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டார்.

சுத்தி ஆடி வந்தது. அடித்தது. சத்தம் அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. கோயில் மணியைத் துணி சுற்றி அடித்த மாதிரி. ஆனால் அதற்குள்ளிருந்து இன்னொரு சத்தம், தகரத்தில் சில்லறை கொட்டின மாதிரி, சளசளவென்று கிளம்பியது. விளக்கு அணைந்தது.

எல்லோரும் விளக்கைப் பார்த்தோம். மேனேஜர், அதிகாரிகள், குறிப்பெடுக்க நின்றிருந்த நான். அக்கா விளக்கைப் பார்க்கவில்லை. வழக்கம்போல, இருப்பதிலேயே தூரத்தில் இருப்பது எதுவோ அதைத் தேடித் திரும்பினார். நானும் அவர் பார்வையைத் தொடர்ந்தேன். ஷெட்டின் பின்வாசலில் பாய் நின்றிருந்தார். அந்தச் சளசளப்பு அவர் காதுக்கு எட்டியிருக்காது. அணைந்த விளக்கு கண்ணுக்கு எட்டியிருந்தது. கை சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான். அக்கா நேராக நடு ஜாயிண்ட்டுக்குப் போனார். பார்த்தார். நானும் பின்னால் போய்ப் பார்த்தேன். சிவப்புக் கோடுகள் உடைந்திருந்தன. தலையில் இருக்கும் பாதி ஒரு பக்கம், பலகையில் இருக்கும் பாதி ஒரு பக்கம். ஜாயிண்ட் அடியைத் தின்னும் என்றால், கொஞ்சம் லூஸாக விட்டால் இன்னும் நிறையத் தின்னும் என்று பாய் கணக்குப் போட்டிருக்கிறார். மேடத்துக்காக. லூஸாக விட்ட ஜாயிண்ட்டின் இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு புதுசாக ஓர் அடியைக் கிளப்பும் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அதிகாரிகளில் பெரியவர் இந்தப் பக்கம் வந்தார். அக்கா தன் உள்ளங்கையை ஜாயிண்ட்மேல் வைத்தார். எப்போதும் வைப்பதுபோல. நாடி பார்ப்பதுபோல. கோடுகள் கைக்குக் கீழே போயின.

"ஜாயிண்ட்ல ஏதாவதா மேடம்?"

"லூஸ் சார்," என்றார் அக்கா.

என் பேனா நின்றுவிட்டது. பாய் அங்கேயே நின்றார்.

"ராக்கெட் குலுங்குற குலுக்கல்ல மேலயும் இப்படி லூஸாகலாம். அதை நான் கணக்குல சேர்க்கலை. மூணும் முழுசா இறுகியிருந்தாத்தான் பிழைக்கும்னு ஒரு இடத்துல கொண்டுபோய் அதை வச்சிட்டேன். இடம் தப்பு. என்னோட தப்பு."

மேனேஜர் பதறினார். "இறுக்கிட்டு இன்னொரு தடவை அடிச்சுப் பாத்துடலாமே மேடம்? இவங்க முன்னாடியே?"

"இறுக்கினா தாங்கும் சார். மேல போய் இறுக்க ஆள் கிடையாது. அதனாலதான் வேண்டாங்கிறேன்."

அதிகாரிகள் மேனேஜர் அறைக்கு டீ குடிக்கப் போனார்கள். அக்கா ஸ்பானரை எடுத்தார். உடைந்த கோட்டின் இரண்டு பாதிகளும் ஒன்றுசேரும் வரை ஒவ்வொரு போல்ட்டாகத் திருப்பினார். கடைசிக் கோடு சேர்ந்ததும் ஸ்பானரைத் துடைத்து, பாயின் மேஜையில் அது இருந்த இடத்திலேயே வைத்தார்.

அவர் சொன்னது பொய்யா? இந்த வயதிலும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. ரிப்போர்ட்டை நான்தான் அடித்தேன். எந்த வரியிலும் பாய் இல்லை.

அடுத்த வேலை எங்கள் ஷெட்டுக்கு வரவில்லை. கணிப்புக்கு ஆள் எதற்கு என்று மேனேஜர் கேட்டார். அக்காவும் அதையே தன்னிடம் கேட்டுக்கொண்டதுபோல வேலையை விட்டு எழுந்துகொண்டார். ஸ்பிரிங் பட்டை மறுபடி வந்தது, சம்மட்டிகள் வந்தன. பாய் இருந்தார்.

அக்காவின் கடைசி நாள் சாயங்காலம் கேட்டருகே பாய் வழிமறித்தார். "மேடம், அன்னிக்கி... நான்தான்..."

"தெரியும் பாய்."

"இன்னா?"

அக்கா சுற்றிப் பார்த்தார். மேனேஜர் அறை ஜன்னல் திறந்திருந்தது. கத்தினால் அவருக்குக் கேட்கும். கத்தாவிட்டால் பாய்க்குக் கேட்காது. "இருங்க," என்று கையைக் காட்டினார். மூவரும் சும்மா நின்றோம். தூரத்தில் ஒரு கன்டெய்னர் லாரி திரும்பி, பள்ளத்தில் இறங்கி, தடதடவென்று எங்களை நோக்கி வந்தது. அது கேட்டைக் கடந்த அந்த இரைச்சலுக்குள், அக்கா பாயின் வலது காதருகே போய், கழுத்து நரம்பு புடைக்க ஏதோ கத்தினார். லாரி போனது. பாய் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, "நல்லா இருங்கோ," என்றார். அவ்வளவு சன்னமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். அவர் மடியில் ஒரு பை. டிரங்குப் பெட்டியை முன்னமே அனுப்பிவிட்டிருந்தார். கோப்பையை முனியம்மாவுக்குக் கொடுத்துவிட்டாராம்.

ராயபுரத்தில் நான் இறங்கினேன். அவர் பீச் ஸ்டேஷன் வரை போய், வெளியூர் போக வேறு வண்டி மாற வேண்டும். சிக்னல் விழவில்லை, பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கையும் அதே கம்பியில் இருந்தது.

"பாய்கிட்ட என்னக்கா சொன்னீங்க?"

"கூட்ஸ் வண்டியைப் பாருங்கன்னேன். கொக்கியெல்லாம் லூஸா இருக்கறதாலதான் இவ்வளவு சத்தம்னேன். அடுத்த தடவை நல்லா இறுக்குங்கன்னேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

டங் டங்கென்று அது எங்களைத் தாண்டி ஓடியது. அவர் அதன் வாலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வண்டி ஒரு வெட்டு வெட்டி அசைந்தது. கம்பியை விட மனமில்லாமல் கூடவே நடந்தேன். இத்தனை நாள் கேட்காததை அப்போதுதான் கேட்டேன்.

"உங்களுக்கு வலிக்கவே இல்லையாக்கா?"

"கைய எடு, வண்டி வேகம் எடுக்குது," என்றார். "இப்பத்தானே விழுந்திருக்கு. என்கிட்ட வந்து சேர நாளாகும்."